பிரபஞ்சத்துக்குப் பிரக்ஞை உண்டா? ஒரு கேள்விக்குள் இருக்கும் இரண்டு கேள்விகள்

பிரபஞ்சத்துக்குப் பிரக்ஞை உண்டா என்று கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. பருப்பொருள் அனைத்திலும், அதன் கடைக்கோடித் துகள் வரையிலும், மிக மங்கலானதேனும் ஏதோ ஓர் உணர்வு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இந்தப் பிரபஞ்சம் முழுவதும் சேர்ந்து ஒற்றை உயிரைப் போலத் தன்னைத் தானே உணர்கிறதா என்பது மற்றொரு கேள்வி. முதலாவதற்கு ஆம் என்பவர் இரண்டாவதற்கும் ஆம் என்றாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆயினும் இது குறித்த பொதுவெளிப் பேச்சில், முதல் கேள்விக்கு ஆதரவான வாதங்களை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக அறிவிக்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால், முதலாவது பலர் நினைப்பதைவிட வலுவான நிலையிலும், இரண்டாவது பலர் நினைப்பதைவிடப் பெரிய சிக்கலிலும் இருப்பது தெரியும். அந்தச் சிக்கலும் தத்துவத்திலிருந்து வருவதைவிட இயற்பியலிலிருந்தும் நரம்பியலிலிருந்தும்தான் அதிகம் வருகிறது.

பிரக்ஞை என்னும்போது அறிவுக்கூர்மையோ சிந்தனைத் திறனோ 'நான்' என்ற எண்ணமோ இங்கே பேசப்படவில்லை. பல்வலியின் வேதனை, சிவப்பு நிறம் கண்ணுக்குப் படும் விதம் போன்ற அகவயமான அனுபவம்தான் பேசப்படுகிறது. தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1974-இல் வகுத்த அளவுகோலையே இத்துறையினர் இன்றும் கையாளுகிறார்கள்: வௌவாலாக இருப்பது அந்த வௌவாலுக்கு ஏதோ ஒரு விதமாக இருக்கிறது என்றால் அதற்குப் பிரக்ஞை உண்டு. எதிரொலியைக் கொண்டு இரையைக் கண்டறியும் அதன் மூளையின் ஒவ்வொரு நரம்பையும் வரைபடமாக்கிவிட்டாலும், அந்த எதிரொலியை உள்ளிருந்து உணர்வது எப்படி இருக்கும் என்பது நமக்குப் பிடிபடாது என்பது அவர் வாதம். ஆகவே பிரபஞ்சம் சிந்திக்கிறதா, திட்டமிடுகிறதா என்பதெல்லாம் பிந்தைய கேள்விகள். பிரபஞ்சமாக இருப்பது பிரபஞ்சத்துக்கு ஏதேனும் ஒரு விதமாக இருக்கிறதா என்பதே முதலில் கேட்க வேண்டியது.

இந்த அனுபவத்தை அறிவியல் இத்தனை காலம் தொடாமல் விட்டதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. இயற்கை என்னும் நூல் கணித மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்று கலிலியோ 1623-இல் எழுதினார். நிறம், சுவை, மணம் ஆகியவை பொருள்களில் இல்லை, அவற்றை உணரும் உயிரிடத்தில்தான் இருக்கின்றன, அந்த உயிரை நீக்கிவிட்டால் அவையும் நீங்கிவிடும் என்றும் அவர் அதே நூலில் வாதிட்டார். அளக்கக்கூடிய வடிவம், எண், இயக்கம் ஆகியவற்றை மட்டும் இயற்பியலின் எல்லைக்குள் வைத்துக்கொண்டு எஞ்சியதை வெளியே நிறுத்திய இந்த ஏற்பாடு நானூறு ஆண்டுகளாகப் பெரும் பலன் தந்திருக்கிறது. வெளியே நிறுத்தப்பட்டதையும் அதே இயற்பியல் ஒருநாள் விளக்கிவிடும் என்று எதிர்பார்க்கும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. மூளை தகவலை எப்படிப் பகுக்கிறது, நினைவை எப்படிச் சேமிக்கிறது என்பவை கடினமானவை என்றாலும் வழக்கமான ஆய்வுமுறைக்கு உட்பட்டவை என்றும், இவையெல்லாம் நடக்கும்போது கூடவே ஓர் அனுபவமும் ஏன் இருக்க வேண்டும் என்பது வேறு இனத்தைச் சேர்ந்த கேள்வி என்றும் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1995-இல் எழுதினார். 'கடினச் சிக்கல்' என்று அவர் இட்ட பெயர் நிலைத்துவிட்டது. (பிரக்ஞைக்குரிய நரம்பியல் அடையாளம் 25 ஆண்டுகளுக்குள் தெளிவாகிவிடும் என்று 1998-இல் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டிய நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக், 2023-இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் புட்டிகளைக் கொடுத்துத் தீர்த்தார்.)

பருப்பொருளில் எங்கும் உணர்வு உண்டு என்ற கருத்து, அதாவது பான்சைக்கிசம், இந்த இடைவெளியில்தான் மீண்டும் மரியாதை பெற்றது. அதன் நவீன வடிவத்துக்கு அடித்தளமிட்டவர்கள் மறைஞானிகள் அல்லர். கணிதத்திலும் தர்க்கத்திலும் ஊறிய பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும், வானியற்பியலாளர் ஆர்தர் எடிங்டனும்தான். 1927, 1928 ஆண்டுகளில் இருவரும் ஏறத்தாழ ஒரே விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள். இயற்பியல் ஒரு பொருள் என்ன செய்கிறது என்று சொல்கிறது; அது தன்னளவில் என்னவாக இருக்கிறது என்று சொல்வதில்லை. நிறை என்றால் என்ன என்று கேட்டால், முடுக்கத்தை எதிர்ப்பது, பிற நிறைகளை ஈர்ப்பது என்று விடை வரும். மின்னூட்டம் என்றால் என்ன என்று கேட்டால், ஒத்ததை விலக்குவது, எதிரானதை ஈர்ப்பது என்று வரும். எல்லாமே உறவுகள், உறவுகொள்ளும் அந்தப் பொருளின் உள்ளியல்பு பற்றிச் சமன்பாடுகள் மௌனமாக இருக்கின்றன. உள்ளிருந்து நமக்குத் தெரிந்த ஒரே பருப்பொருள் நம் மூளை. அங்கே நாம் காண்பது அனுபவம். அப்படியானால் ஏனைய பருப்பொருளின் உள்ளியல்பும் அதே வகையைச் சேர்ந்தது என்று கருதுவது, அதற்கு முற்றிலும் வேறான ஓர் இயல்பைக் கற்பித்துக்கொண்டு பிறகு இரண்டையும் இணைக்கப் போராடுவதைவிடச் சிக்கனமானது. தத்துவவாதிகளான கேலன் ஸ்ட்ராசன் 2006-இலும், பிலிப் கோஃப் 2019-இலும் இந்த வாதத்தைப் புதுப்பித்தார்கள். இதை ஏற்காதவர்கள் பலர் உண்டு. ஆனால் எலெக்ட்ரான் கவலைப்படுகிறது என்று யாரோ உளறுவதாக நினைத்து ஒதுக்கிவிடக்கூடிய வாதம் அன்று இது.

பழைய மரபுகள் எல்லாம் பிரபஞ்சத்துக்கு உணர்வு உண்டு என்றே சொன்னதாக ஒரு நம்பிக்கை உலவுகிறது. இதையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பிளேட்டோவும் ஸ்டோயிக்குகளும் உலகத்துக்கு ஆன்மா உண்டு என்றார்கள். ஸ்பினோசா இருப்பது ஒரே பொருள்தான், எண்ணமும் பரப்பும் (இடத்தில் விரிந்திருத்தல்) அதன் இரு பண்புகள் என்றார். இந்தியத் தத்துவங்களிலோ ஒருமித்த விடை இல்லை. அத்வைதத்தில் பிரம்மமே சைதன்யம், அதாவது தூய உணர்வு. ஆனால் காட்சிக்குப் புலனாகும் உலகம் அதன் மேல் ஏற்றப்பட்ட தோற்றம். இராமானுசர் உயிர்களையும் உயிரற்ற பொருள்களையும் இறைவனின் உடலாகக் கொண்டார். உடல் தானே உணர்வுடையது என்று அதற்குப் பொருளில்லை. சைவ சித்தாந்தம் உலகத்தை மாயையிலிருந்து தோன்றிய சடப்பொருள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சாங்கியம் இன்னும் ஒரு படி போய், மனத்தையும் புத்தியையும்கூடப் பிரகிருதியின், அதாவது சட இயற்கையின், பக்கம் தள்ளிவிட்டுத் தூய அறிவை மட்டும் புருஷன் எனப்படும் ஆன்மாவுக்கு ஒதுக்குகிறது. தொல்காப்பியம் புல்லுக்கும் மரத்துக்கும் தொட்டுணரும் ஓரறிவைக் கொடுத்து, அங்கிருந்து ஆறறிவு வரை ஏணி கட்டுகிறது; அந்த ஏணியின் கீழ்ப்படி புல்லோடு நின்றுவிடுகிறது. பான்சைக்கிசம் அதே ஏணியைக் கல்லுக்கும் எலெக்ட்ரானுக்கும் கீழே நீட்டுகிறது என்று சொல்லலாம். பிரபஞ்சப் பிரக்ஞை என்பது அதை மேல்நோக்கி நீட்டும் முயற்சி. இரண்டு முயற்சிகளுக்கும் வேண்டிய மரம் ஒன்றல்ல.

மேல்நோக்கி நீட்டுவதில் என்ன தடை என்பதை உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே கண்டுவிட்டார். பன்னிரண்டு சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லுங்கள். அவர்களை வரிசையாக நிறுத்தினாலும் ஒருவரோடொருவர் நெருக்கி அடைத்தாலும், ஒவ்வொருவரும் தம் சொல்லை எவ்வளவு ஆழ்ந்து நினைத்தாலும், முழு வாக்கியத்தையும் உணரும் மனம் ஒன்று அங்கே எங்கும் உருவாகாது என்றார் அவர். சிறு உணர்வுகள் சேர்ந்து பெரிய உணர்வு எப்படி உண்டாகும் என்ற இந்தக் கேள்வி 'சேர்க்கைச் சிக்கல்' எனப்படுகிறது. ஒரு கோடி எலெக்ட்ரான்களுக்கு ஆளுக்கொரு துளி உணர்வு இருந்தாலும், அவற்றின் கூட்டத்துக்கு உணர்வு இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைக்காது. மணல்மேட்டுக்கும் கிடைக்காது, பிரபஞ்சத்துக்கும் கிடைக்காது. பான்சைக்கிசத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டவர்களிலும் பெரும்பாலோர் மேசைக்கு உணர்வு உண்டு என்று சொல்லத் துணியாததற்குக் காரணம் இதுவே.

இந்தச் சிக்கலைத் தலைகீழாக்கிப் பார்ப்பவர்கள் காஸ்மோசைக்கிசம் என்ற நிலைப்பாட்டை முன்வைக்கிறார்கள். பகுதிகளிலிருந்து முழுமை உண்டாகிறது என்று ஏன் தொடங்க வேண்டும்? தத்துவவாதி ஜொனாதன் ஷாஃபர் 2010-இல் வாதிட்டதைப் போல, பிரபஞ்சம் முழுமையே அடிப்படைப் பொருள், துகள்களும் விண்மீன்களும் அதன் அம்சங்கள் என்று கொண்டால், பிரக்ஞையும் முதலில் முழுமைக்கே உரியதாகிவிடும். நம் சிறு மனங்கள் அதிலிருந்து கிளைத்தவை ஆகும். ஷாஃபர் இதைப் பிரக்ஞைக்காகச் சொல்லவில்லை. இதாய் ஷானி முதலியோர் அவ்வழியில் எடுத்துச் சென்றார்கள். ஆனால் சேர்க்கைச் சிக்கல் போன இடத்தில் பிரிவினைச் சிக்கல் வந்து உட்கார்கிறது. ஒரே பெருமனம் இருக்குமானால், என் பல்வலி உங்களுக்குத் தெரியாமல் இருப்பது எப்படி? பெர்னார்டோ காஸ்ட்ரப் இதற்குப் பிளவுண்ட அடையாளக் கோளாற்றை எடுத்துக்காட்டுகிறார்: ஒரே ஆளுக்குள் ஒன்றையொன்று அறியாத பல ஆளுமைகள் இயங்குவது மருத்துவத்தில் பதிவாகியிருப்பதால், பெருமனமும் அவ்வாறே கோடிக்கணக்கான மனங்களாகப் பிளவுண்டிருக்கலாம் என்பது அவர் கருத்து. இந்த எடுத்துக்காட்டு கவர்ச்சியானது. ஆனால் அந்த நோயாளியின் பிளவு ஒரு மூளையின் உள்ளே, இன்ன பகுதிகளுக்கிடையே தொடர்பு மாறுபடுகிறது என்று தேடிப் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. பெருமனத்தின் பிளவுக்கு அத்தகைய தடயம் எதையும் யாரும் குறிப்பிட்டதில்லை.

தொடர்பு என்ற இந்த இடத்தில் தத்துவத்தை விட்டுவிட்டு மூளைக்குள் போவது பயன் தரும். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 6,900 கோடி, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, பின்மண்டைக்குக் கீழே இருக்கும் சிறுமூளையில் அடைந்து கிடக்கின்றன. எண்ணிக்கைதான் பிரக்ஞையைத் தருகிறது என்றால் அது சிறுமூளையில் குடியிருக்க வேண்டும். ஆனால் சீனாவில் தலைச்சுற்றலுக்காக மருத்துவமனைக்கு வந்த 24 வயதுப் பெண் ஒருவரைப் படமெடுத்துப் பார்த்தபோது, அவருக்குப் பிறவியிலேயே சிறுமூளை இல்லை என்பது தெரிந்தது. 2014-இல் அந்த ஆய்வறிக்கை வெளியாயிற்று. அவருக்குப் பேச்சு ஆறு வயதிலும் நடை ஏழு வயதிலும்தான் வந்தன. தள்ளாட்டம் இருந்தது. ஆனால் பிற எவரையும் போல அவர் உணர்வுள்ளவர். சிறுமூளையின் நியூரான்கள் தனித்தனித் தொகுதிகளாக இணையாக வேலை செய்கின்றன, ஒரு தொகுதி மற்றொன்றோடு பேசுவது மிகக் குறைவு என்பது இதற்கான விளக்கமாகச் சொல்லப்படுகிறது.

தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் நேரடியான சான்று உண்டு. கடும் வலிப்பு நோயாளிகள் சிலருக்குப் பெருமூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் சுமார் 20 கோடி நரம்பிழைகள் கொண்ட பாலத்தை அறுவை செய்து துண்டித்தார்கள். ரோஜர் ஸ்பெரியும் மைக்கேல் கசானிகாவும் 1960-களில் அவர்களைச் சோதித்தார்கள். இடப்பக்கக் காட்சிப்புலத்தில் ஒரு பொருளின் படத்தைக் கணநேரம் காட்டினால், அது வலப்பாதி மூளைக்கு மட்டும் செல்கிறது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பேச்சுக்குரிய இடப்பாதி "ஒன்றும் பார்க்கவில்லை" என்று விடை சொல்கிறது. அதே வேளையில் இடக்கை திரைக்குப் பின்னால் தடவி, படத்தில் இருந்த பொருளையே சரியாக எடுக்கிறது. இவர்களுக்குள் இருப்பது ஒரு மனமா இரண்டா என்பதில் இன்றும் வாதம் ஓயவில்லை. ஆனால் இழைகளை வெட்டியதும் உணர்வின் ஒருமையில் ஏதோ வெட்டுப்படுகிறது என்பதில் ஐயமில்லை. இதே செய்தியை 2005-இல் மார்செல்லோ மாசிமினியின் குழு வேறு வழியில் கண்டது. விழித்திருப்பவரின் மூளைப் புறணியில் ஒரு புள்ளியைக் காந்தத் துடிப்பால் தட்டினால், அதன் எதிரொலி தொலைவான பகுதிகளுக்கும் பரவிச் சுமார் 300 மில்லிநொடி வரை உலவுகிறது. கனவற்ற ஆழ்ந்த உறக்கத்தில் தட்டினால், நியூரான்கள் சுறுசுறுப்பாக இருந்தும், அது தட்டிய இடத்திலேயே எழுந்து விரைவில் அடங்கிவிடுகிறது. பிரக்ஞை எதுவாக இருந்தாலும், நாம் அறிந்த ஒரே இடத்தில் அது ஒருமை பெறுவது பகுதிகளுக்கிடையேயான விரைவான, இருவழிப்பட்ட உரையாடலால்தான்.

இப்போது பிரபஞ்சத்துக்குத் திரும்பலாம். விண்மீன் மண்டலங்கள் இழைகளாகவும் முடிச்சுகளாகவும் கோத்துக் கிடக்கும் அண்ட வலையின் படத்தையும் நியூரான் வலையின் படத்தையும் அருகருகே வைத்து, பிரபஞ்சமே ஒரு மூளை என்று சொல்வது வெகுநாளாக நடந்து வருகிறது. வானியற்பியலாளர் ஃபிராங்கோ வாஸாவும் நரம்பியல் அறுவை நிபுணர் ஆல்பெர்ட்டோ ஃபெலெட்டியும் 2020-இல் இந்த ஒற்றுமையை முறையாக அளந்தார்கள். மூளைத் திசுவில் 1 மைக்ரோமீட்டர் முதல் 0.1 மில்லிமீட்டர் வரையிலான அளவுகளில் அடர்த்தி ஏறி இறங்கும் விதமும், அண்ட வலையில் 50 லட்சம் முதல் 50 கோடி ஒளியாண்டு வரையிலான அளவுகளில் அது ஏறி இறங்கும் விதமும் வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன. ஆனால் அந்த நெருக்கமான பொருத்தம் கிடைத்தது சிறுமூளையோடு. அது இல்லாமலே ஒருவர் உணர்வோடு வாழ முடிகிற அதே சிறுமூளையோடு. பகிர்ந்து பரப்பப்படும் இந்தச் செய்தியில் இந்த விவரம் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அந்த ஆய்வாளர்களும் பிரபஞ்சம் சிந்திக்கிறது என்று எங்கும் சொல்லவில்லை.

படம் ஒத்திருந்தாலும் உரையாடல் நடக்க வேண்டும். மூளையின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குச் சமிக்ஞை போய்ச்சேர ஏறத்தாழ நூறில் ஒரு நொடி ஆகிறது. நம் பால்வீதியின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. ஒளியைவிட வேகமாக எந்தச் செய்தியும் போகாது என்பதால், ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒரு சேதி போக 1 லட்சம் ஆண்டு வேண்டும். பால்வீதி தோன்றிச் சுமார் 1,300 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று கொண்டால், இதுவரை அப்படி 1,30,000 குறுக்குப் பயணங்கள் மட்டுமே நடந்திருக்க முடியும். மூளைக் கணக்கில் அத்தனை பயணங்களுக்கு ஆகும் நேரம் 1,300 நொடி, அதாவது 22 நிமிடம்கூட இல்லை. பால்வீதி தன் வாழ்நாள் முழுவதையும் ஒரே சிந்தனைக்குச் செலவிட்டிருந்தாலும், ஓர் ஆள் காலையில் செய்தித்தாள் புரட்டும் நேரத்துக்குள் நிகழும் உரையாடல்தான் அதற்குக் கிடைத்திருக்கும்.

பிரபஞ்சத்துக்கு அதுவும் கிடைக்காது. காணக்கூடிய பிரபஞ்சத்தின் குறுக்களவு சுமார் 9,300 கோடி ஒளியாண்டு. அதன் வயதோ 1,380 கோடி ஆண்டு. ஒரு விளிம்பிலிருந்து எதிர்விளிம்புக்கு ஒற்றைச் சேதிகூட இன்னும் போய்ச்சேரவில்லை. காத்திருந்தால் சேரும் என்றும் சொல்ல வழியில்லை. பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுத்து வருகிறது என்பது 1998-இல் கண்டறியப்பட்டு, 2011-இல் நோபல் பரிசும் பெற்றது. அதன் விளைவாக, இன்று இங்கிருந்து புறப்படும் ஒளி சுமார் 1,600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் எந்த விண்மீன் மண்டலத்தையும் ஒருபோதும் எட்டாது. காணக்கூடிய பிரபஞ்சத்தின் பருமனில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலான பங்கு அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. வலிப்பு நோயாளியின் மூளையில் ஒரு பாலத்தை வெட்டியது மருத்துவர். இங்கே பாலங்கள் எல்லாவற்றையும் அந்த விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றல் தானாகவே வெட்டிக்கொண்டு வருகிறது.

இந்த இடத்தில் குவாண்டம் பின்னல் துணைக்கு அழைக்கப்படும். தொலைவிலுள்ள இரு துகள்கள் ஒரே நிலையைப் பகிர்ந்துகொள்வது சோதனைகளால் ஐயமற நிறுவப்பட்டிருக்கிறது. அந்தச் சோதனைகளுக்கு 2022-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்தப் பின்னலைக் கொண்டு சேதி அனுப்ப முடியாது என்பதும் அதே இயற்பியலின் உறுதியான முடிவு. சேதி தேவையில்லை, ஒரே குவாண்டம் நிலையில் இருப்பதே ஒருமைக்குப் போதும் என்று காஸ்மோசைக்கிசத்தார் வாதிடலாம். அதற்கு வலிப்பு நோயாளியே மறுமொழி தருகிறார். அவருடைய மூளையின் இரு பாதிகளும் அந்தப் பிரபஞ்சப் பின்னலுக்குள்தான் இருக்கின்றன. அறுவைக்கு முன்பும் இருந்தன, பின்பும் இருக்கின்றன. பின்னலே மனத்தின் ஒருமையைத் தருமானால், சில நரம்பிழைகளை வெட்டியதும் இடக்கை அறிந்தது வாய்க்குத் தெரியாமல் போயிருக்கக் கூடாது. ஒரே பொருளாக இருப்பதற்கும் ஒரே மனமாக இருப்பதற்கும் இடையில் தாண்ட வேண்டிய தூரம் இருக்கிறது. அதை நரம்பிழைகள் தாண்ட வைக்கின்றன, பின்னல் தாண்ட வைப்பதாகத் தெரியவில்லை.

பிரக்ஞையை எண்ணால் அளக்க முயலும் ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடும் இங்கே எதிர்பாராத பக்கத்தில் நிற்கிறது. நரம்பியலாளர் ஜூலியோ டொனோனி 2004-இல் முன்வைத்த இக்கோட்பாடு, ஓர் அமைப்பின் பகுதிகள் தனித்தனியே தருவதற்கு மேல் முழுமை எவ்வளவு தகவலை ஒருங்கிணைக்கிறது என்பதை 'ஃபை' என்ற அளவால் குறிக்கிறது. எளிய மின்சுற்றுக்கும் சிறிதளவு பிரக்ஞை இருக்கலாம் என்று அது ஒப்புக்கொள்வதால், பிரபஞ்சப் பிரக்ஞையை நம்புவோர் அதைத் தம் பக்கத்துச் சாட்சியாக அழைப்பதுண்டு. ஆனால் ஒன்றின்மேல் ஒன்று கவியும் அமைப்புகளில் 'ஃபை' உச்சமாக இருக்கும் அமைப்புக்கு மட்டுமே பிரக்ஞை உண்டு, அதை உள்ளடக்கிய பெரிய அமைப்புக்குக் கிடையாது என்பது அதன் விதிகளில் ஒன்று. உங்கள் மூளைக்குப் பிரக்ஞை இருப்பதால், உங்களையும் என்னையும் உள்ளடக்கிய பிரபஞ்சத்துக்கு அது இருக்க முடியாது. கோட்பாடே கடும் சர்ச்சைக்குள்ளானது என்பதையும் சொல்ல வேண்டும்: கணினிச் சுற்றுகளின் அடிப்படை உறுப்புகளான எளிய தர்க்கக் கதவுகளைச் சதுர வலையாக அடுக்கினால் அதற்கு மனிதரைவிடக் கூடுதல் பிரக்ஞை கிடைத்துவிடும் என்று கணினியியலாளர் ஸ்காட் ஆரன்சன் 2014-இல் காட்டினார், டொனோனியும் அந்த விளைவை மறுக்கவில்லை, 2023 செப்டம்பரில் 124 ஆய்வாளர்கள் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று அதைப் போலி அறிவியல் என்றே அழைத்தது.

இத்தனைக்கும் பிறகு பிரபஞ்சப் பிரக்ஞைக்கு மிஞ்சும் வடிவம் ஒன்று உண்டு. அதன் ஒருமை சேதிகளாலோ இழைகளாலோ அமைவதில்லை, அது அடிப்படையானது, நம் மனங்களின் ஒருமைக்கு மட்டுமே நரம்பிழைகள் தேவை என்று சொல்லிவிடலாம். தர்க்கத்தில் இதற்குத் தடையில்லை. ஆனால் இப்படிச் சொன்னால், அத்தகைய பிரக்ஞை இருக்கும் பிரபஞ்சத்துக்கும் இல்லாத பிரபஞ்சத்துக்கும் கண்டறியத்தக்க வேறுபாடு எதுவும் இருக்காது. அந்த வேறுபாட்டைத் தேடித்தான் கோஃப், உயிர் தோன்றுவதற்கு ஏற்றபடி இயற்கை மாறிலிகள் (இயற்பியல் விதிகளில் வரும் மாறா எண்கள்) பொருந்தியிருப்பதை எடுத்துக்கொள்கிறார். ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது நிறையில் 0.007 பங்கு ஆற்றலாகிறது, அது 0.006 ஆகவோ 0.008 ஆகவோ இருந்திருந்தால் வேதியியலே இப்படி அமைந்திருக்காது என்பது இவ்வாதத்தில் அடிக்கடி சொல்லப்படும் எண். உணர்வுள்ள பிரபஞ்சமே தன் தொடக்கக் கணத்தில் இந்த எண்களை உயிரை நோக்கித் தேர்ந்துகொண்டிருக்கலாம் என்பது கோஃப் பரிசீலிக்கும் விளக்கங்களில் ஒன்று.

இந்த விளக்கம் பிரபஞ்சத்திடம் மங்கலான உணர்வை மட்டும் கேட்கவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் நிகழப்போவதை அறிந்து, மாற்று வழிகளை ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் திறனையும் கேட்கிறது. நாம் அறிந்த அளவில் அந்தத் திறனுக்கு நினைவும், மிகச் சிக்கலான உள்ளமைப்பும் வேண்டும். பிரபஞ்சமோ தோன்றி 3,80,000 ஆண்டுகள் கழிந்தபோதும், இடத்துக்கு இடம் வெப்பநிலையில் லட்சத்தில் ஒரு பங்கு அளவே வேறுபடும் ஒரேசீரான வாயுவாகத்தான் இருந்தது. தொடக்கக் கணத்தில் எதையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க அமைப்பு அதில் இருந்ததற்கான தடயம் இல்லை. முன்னறிவும் பிரக்ஞையைப் போலவே அடிப்படையானது, அதற்கு அமைப்பு எதுவும் தேவையில்லை என்று இதற்கு விடை சொல்லலாம். எலெக்ட்ரானுக்கு ஒரு துளி உணர்வைக் கொடுத்தால் போதும், இயற்பியலில் வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை என்ற சிக்கனத்துக்காகவே ரஸ்ஸலின் வழி விரும்பப்பட்டது. அதே வழியின் மறுமுனையில் அமைப்பு எதுவுமற்ற ஒரு முழு முன்னறிவை விளக்கமின்றி ஏற்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவை ரஸ்ஸலின் வாதம் ஈடுகட்டாது.